வளையலுக்கு ஒன்றும் ஆகவில்லை

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மனத்தில் விழுந்து, வருடக்கணக்கில் ஊறி, ஒருநாள் தானாக முளைத்த கதை இல்லை இது. பூஞ்சைக்கொல்லி விற்கும் ஒரு நிறுவனத்தின் விளம்பர அதிகாரி கேட்டார், நான் தலையாட்டினேன். அவ்வளவுதான். எழுத்தாளர்கள் தங்கள் கதை பிறந்த விதம் பற்றிப் பேட்டியில் சொல்வதையெல்லாம் நம்பிப் பழகியவர்கள் இங்கேயே எழுந்து போய்விடலாம்.

நான் என் தம்பி வீட்டில் இருக்கிறேன். பின்னால் திராட்சைத் தோட்டம். என் அறை ஜன்னலைத் திறந்தால் இடுப்பளவுச் சுவர் ஒன்று, அதற்கு அந்தப் பக்கம் மருந்து கலக்கும் டிரம். மழைக்காலத்தில் இலையில் ஈரம் நின்றால் திராட்சைக்குச் சாம்பல் பூத்தமாதிரி ஒரு நோய் வரும். விட்டால் கொத்து கொத்தாகக் கருகிக் கீழே கொட்டும். அதற்குத்தான் பூஞ்சைக்கொல்லி, நீலநிறத்தில் ஒரு தூள். தோட்டக்காரர்கள் யாரும் அதைப் பூஞ்சைக்கொல்லி என்று சொல்லி நான் கேட்டதில்லை. மருந்து என்பார்கள். (கொல்லி என்ற சொல் பையின்மேல் மட்டும் இருக்கிறது. அதுவும் பொடி எழுத்தில்.)

அந்த நிறுவனம் தம்பி வீட்டு முற்றத்தில் ஒரு பாதுகாப்புக் கூட்டம் நடத்தியது. தம்பிக்கு வெள்ளை அங்கி, கண்ணாடி, முகமூடி, கையுறை எல்லாம் மாட்டி, முதுகில் தெளிப்பானைக் கட்டி, படம் எடுத்தார்கள். படத்தில் மருந்து புகைபோலத் தெரிய வேண்டும் என்று புகைப்படக்காரர் திரும்பத் திரும்ப அடிக்கச் சொன்னார். நிலாவுக்குப் புறப்பட்டவன் மாதிரி நின்றான் என் தம்பி. விளம்பர அதிகாரி ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டார். கையுறை இல்லாமல் மருந்தைத் தொடாதீர்கள், கையால் கலக்காதீர்கள், காற்றுக்கு எதிராக அடிக்காதீர்கள், மருந்தடித்த துணியோடு குழந்தையைத் தூக்காதீர்கள் என்றார். நல்ல பேச்சு, ஒரு சொல் தப்பில்லை. நாற்காலிகளில் உட்கார்ந்து கேட்டவர்கள் அத்தனை பேரும் ஆண்கள்.

அதே நேரத்தில் வீட்டுக்குப் பின்னால், அந்தப் படப்பிடிப்புக்கு வேண்டிய மருந்தைத் தம்பி மனைவி வெறுங்கையால் கலக்கிக்கொண்டிருந்தாள். ஒலிபெருக்கி அவளுக்கும் கேட்டிருக்கும். யாருக்கோ சொல்கிறார்கள் என்று நினைத்திருப்பாள்.

கூட்டம் முடிந்ததும் தம்பி சும்மா இருக்காமல் வாயைத் திறந்தான். "எங்க அக்கா கதையெல்லாம் எழுதுவாங்க சார்." அதிகாரி என்னைப் பார்த்த பார்வையை நான் நன்றாக அறிவேன். வீட்டில் சும்மா கிடக்கும் ஏணியைப் பார்க்கிற பார்வை அது. 'ஒரு துளி கவனம்' என்று ஒரு கையேடு போடப்போகிறோம் மேடம், விழிப்புணர்வாக ஒரு கதை வேண்டும் என்றார். யாராவது திருந்த வேண்டும். யாரும் சாகக் கூடாது. மருந்தின்மேல் பழி வரக் கூடாது. ஏதாவது தப்பு நடந்தால் அது கவனக்குறைவால் நடக்க வேண்டும்.

நான் ஏன் ஒப்புக்கொண்டேன்? கையேடு ஊர் ஊராகப் போகும், வீட்டுக்கு வீடு படிப்பார்கள் என்றார். என் புத்தகங்களை இதுவரை முழுதாகப் படித்தவர் மெய்ப்புத் திருத்துபவர் ஒருவர்தான். அவருக்கும் வேறு வழி இருந்திருக்காது.

2

[தொடக்கம் ஒன்று]

கிழக்கு வெளுத்தது. திராட்சை இலைகளின் நுனியில் பனித்துளிகள் முத்து முத்தாகத்

போதும். இலை நுனியில் தொங்கும் ஈரத்தைப் பார்த்துப் பரவசப்பட்ட தோட்டக்காரனை நான் பார்த்ததில்லை. தம்பி அதைக் கண்டால் உடனே தெளிப்பானைத் தேடுவான். ஜன்னலுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து எழுதுகிறவளுக்குத்தான் அது முத்து.

[தொடக்கம் இரண்டு]

அவன் ஒரு கவனக்குறைவான விவசாயி. கையுறை கொடுத்தும் போடாதவன். அவனுடைய அலட்சியத்தால் ஒருநாள்

இது அதிகாரிக்கு ரொம்பப் பிடித்த தொடக்கம். தொலைபேசியில் படித்துக் காட்டியபோது, "இதுதான் மேடம், இதுதான்" என்றார். பிரச்சினை என்னவென்றால் இந்த ஆளை நான் பார்த்ததில்லை. இந்தக் கதைக்கு என் கையில் இருப்பது என் தம்பி ஒருவன்தான், அவனை யாரும் கவனக்குறைவானவன் என்று சொல்ல முடியாது. வாசலில் விடும் செருப்பைக்கூட நேர்க்கோட்டில் விடுகிறவன். கொடி வெட்டும் கத்தரிக்கு எண்ணெய் போட்டுத் துணியில் சுற்றி வைக்கிறவன். சின்ன வயதில் என் பென்சிலை வாங்கிக்கொண்டு போனால் சீவித் திருப்பிக் கொடுப்பான்.

சரி, கையுறை எங்கே என்று கேட்டேன். பெருமையோடு என்னைக் கூட்டிப்போய்ப் பீரோவைத் திறந்தான். வெளியே போகும்போது உடுத்தும் நல்ல துணிகளுக்குக் கீழே, பிளாஸ்டிக் உறைக்குள், மடிப்புக் கலையாமல் வெள்ளை அங்கி. அதன்மேல் கண்ணாடி, முகமூடி, கையுறை.

"நல்ல பொருள்க்கா. மருந்துல போட்டா ஒரே நாள்ல வீணாப்போயிடும்."

"அதுக்குத்தானேடா குடுத்தாங்க?"

"அதுக்குன்னு? இவ்ளோ நல்லதையா?"

விஷத்திலிருந்து அவனைக் காப்பாற்ற ஒரு பொருளைக் கொடுத்தார்கள். அவன் விஷத்திலிருந்து அந்தப் பொருளைக் காப்பாற்றிவிட்டான். இதற்குப் பெயர் அலட்சியம் என்றால் எனக்குத் தமிழ் தெரியாது. போதாக்குறைக்கு, படம் எடுத்த அன்று அந்த அங்கியெல்லாம் மருந்து படிந்திருந்தது. ஈரத்துணியால் துடைத்துவிட்டுத் தன் மகளின் சட்டைகளுக்குப் பக்கத்தில் அடுக்கியிருக்கிறான். எல்லாவற்றையும் வெளியே எடுக்கவைத்தேன். பீரோவைக் கழுவி, துணிகளை மறுபடி துவைக்க வேண்டும் என்றேன். சில நாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. கையுறையை மட்டும் கழுவிக் கொட்டகை ஆணியில் மாட்டினான். அங்கே அது இன்னும் அழகாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

3

கதாநாயகனையே தப்பாகப் பிடித்துவிட்டேன் என்று அப்போதுதான் உறைத்தது. தம்பி மருந்தை அடிக்கிறவன். கலக்குகிறவள் அவன் மனைவி. பையைப் பிரித்துத் தூள் முகத்தில் பறக்க நிற்பவள் அவள், டிரம்முக்குள் கையை விடுகிறவள் அவள். கையேட்டுக்காரர்கள் நிற்கவைத்துப் படம் எடுத்தது அவளை அல்ல.

எப்படிக் கலக்குவாள் என்று எழுதுகிறேன், கேளுங்கள். இந்தத் தூள் தண்ணீரில் சட்டென்று கரையாது. கட்டி கட்டும். பெரிய கட்டியைக் கம்பால் உடைக்கலாம். மிளகளவுக் கட்டி கம்புக்குச் சிக்காது, நீலத் தண்ணீரில் கண்ணுக்கும் தெரியாது. விரல்களை விரித்து அடியிலிருந்து அளைந்து, தட்டுப்பட்டதைக் கட்டைவிரலால் நசுக்க வேண்டும். அதில் அவள் கெட்டிக்காரி. அக்கம்பக்கத்துத் தோட்டங்களிலிருந்து அவளை வந்து அழைத்துப்போவார்கள். அவள் கலக்கிய மருந்து தெளிப்பான் முனையை அடைக்காது என்று பேர். அந்தப் பேரில் அவளுக்குக் கர்வமும் உண்டு. யாராவது அழைக்க வந்தால் உடனே கிளம்ப மாட்டாள், கொஞ்சம் காக்கவைப்பாள்.

கையை விடுவதற்கு முன்னால் ஒன்று செய்வாள். வளையல்களைக் கழற்றுவாள். தங்கம் இல்லை, கவரிங்தான். தம்பி ஆசையாக வாங்கிக் கொடுத்தது. ஒவ்வொன்றாகக் கழற்றி, முந்தானையில் துடைத்து, சுவர்மேல் வரிசையாக வைப்பாள். அப்புறம் முழங்கைவரை டிரம்முக்குள் கையை விடுவாள்.

ஏன் கழற்றுகிறாய் என்று ஒருமுறை கேட்டேன். "மருந்து பட்டா கறுத்துடும் அண்ணி" என்றாள்.

எத்தனையோ முறை இதை என் ஜன்னலிலிருந்து பார்த்திருக்கிறேன். வெயிலில் சுவர்மேல் மினுங்கும் வளையல்கள் நல்ல காட்சியாக இருக்கிறதே என்றுதான் எனக்குத் தோன்றியது. எழுதிப் பிழைக்கிறவர்களிடம் கண்ணைக் கொடுத்தால் இப்படித்தான்.

* பையின் பின்பக்கத்தில் சரியான முறை இருக்கிறது. சின்னப் பாத்திரத்தில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கம்பால் கூழாகக் குழைக்க வேண்டும். பிறகு சல்லடையில் வடிகட்டி மீதித் தண்ணீரோடு சேர்க்க வேண்டும். கையுறை, முகமூடி போட வேண்டும். முனை அடைத்தால் மெல்லிய தூரிகையால் சுத்தம் செய்ய வேண்டும், வாயால் ஊதக் கூடாது. எல்லாம் சரி. படிக்க எனக்கு மூக்குக்கண்ணாடியும், அதற்குமேல் ஒரு பூதக்கண்ணாடியும் வேண்டியிருந்தது.

* தெளிப்பானின் வாயில் நிறுவனமே ஒரு வடிகட்டி வைத்துத்தான் அனுப்புகிறது. வாங்கி வந்த அன்றே எல்லோரும் அதைப் பிடுங்கி எறிந்துவிடுகிறார்கள். அது இருந்தால் டேங்க் நிரம்ப நேரமாகும்.

* வாயால் ஊதுவது பற்றிப் பின்னால் வரும். இங்கேயே சொன்னால் நீங்கள் தம்பியைத் திட்ட ஆரம்பித்துவிடுவீர்கள்.

4

கையேட்டுக் கதை என்றால் ஒரு குழந்தை வேண்டும் என்று அதிகாரி சொல்லியிருந்தார். முதலில் மாட்டேன் என்றேன். குழந்தையைக் காட்டிக் கண்ணீர் வாங்குவது கேவலமான வேலை. பிறகு அந்தக் கேவலத்தைச் செய்தேன், ஏனென்றால் குழந்தை வீட்டிலேயே இருந்தது. தம்பி மகளுக்கு அந்த வாரம் காய்ச்சல். நான் பார்த்ததை அப்படியே எழுதினேன்:

'தாய் குழந்தையின் நெற்றியில் கையை வைக்கவில்லை. குனிந்து, தன் கன்னத்தை அந்த நெற்றியில் பதித்தாள். உழைத்துக் காய்த்த கையைவிடக் கன்னம் மென்மையானது என்று அவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தது? தாய்மைக்குப் பாடம் தேவையில்லை.'

(தயவுசெய்து சிரித்துவிடுங்கள். நான் பொறுத்துக்கொள்வேன். அன்று இந்த வரிகளை எழுதிவிட்டு எழுந்து போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தேன், அவ்வளவு நிறைவு.)

எழுதியதை உடனே அதிகாரிக்கு அனுப்பினேன். அப்புறம், பாராட்டு அவ்வளவு தூரத்திலிருந்து வரும்வரை பொறுக்காமல், தம்பி மனைவிக்கும் படித்துக் காட்டினேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். கன்னம் வந்த இடத்தில் நிமிர்ந்து பார்த்து, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"பாசம்லாம் இல்ல அண்ணி. கைக்குச் சூடு தெரியல. அதான் கன்னத்தை வச்சுப் பாத்தேன்."

குழாயில் தண்ணீர் சரியாக வரவில்லை என்று சொல்வதுபோலச் சொன்னாள். சொல்லிவிட்டு அடுத்த துணியை எடுத்தாள்.

கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தேன். விரல் நுனிகள் தேய்ந்து வழுவழுவென்றிருந்தன. நகத்தின் ஓரங்களில் எவ்வளவு தேய்த்தாலும் போகாத நீலம். விரல் இடுக்குகளில் தோல் உரிந்து ஆறி மறுபடி உரிந்திருந்தது. போன பருவத்திலிருந்தே இப்படித்தான் என்றாள். முதலில் எரிச்சல் இருந்தது, எரிச்சல் நின்றதும் சரியாகிவிட்டது என்று சந்தோஷப்பட்டாளாம். அப்புறம்தான் ஊசியில் நூல் கோக்கும்போது ஊசி இருக்கிறதா விழுந்துவிட்டதா என்று தெரியவில்லை.

அதோடு விட்டாளா? இல்லை. கடைசியாக மருந்தடித்தபோது கட்டி தங்கிவிட்டது. அவள் கலக்கியதில் முதல்முறை. முனை அடைத்தது. தம்பி முனையைக் கழற்றி வாயில் வைத்து ஊதினான். எல்லோரும் அப்படித்தான் ஊதுவார்கள். நீலமாகத் துப்பிவிட்டு, "என்னடி, உன் கைக்கும் வயசாயிடுச்சா?" என்று கேலி செய்திருக்கிறான்.

"அவர் வாயில படக் கூடாதுன்னுதான் நான் கையால அளையறதே" என்றாள். "இப்ப கையும் போச்சு, அவர் வாயிலயும் போகுது."

பிறகு, அவனிடம் சொல்லாதீர்கள் என்று கேட்டுக்கொண்டாள். பக்கத்துத் தோட்டத்துக்காரர்களுக்குத் தெரிந்தால் இனி யார் அழைப்பார்கள் என்றாள். மழை தொடங்கப்போகிறது, மருந்தடிக்கிற பருவம் வரப்போகிறது, கை விரலில் உணர்வில்லாத ஒருத்தி கட்டி தடவும் வேலைக்குப் போகப்போகிறாள். நான் தாய்மை பற்றி எழுதிக்கொண்டிருந்தேன்.

5

அவளைத் தோல் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். இழுத்துக்கொண்டு என்பது மிகை இல்லை. டாக்டர் என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டார். "வீட்டுவேலைதான். பாத்திரம் தேய்க்கிற பவுடர் ஒத்துக்கல போல" என்று அவள் கூசாமல் சொன்னாள். அந்த நேரத்தில் அவள் என்னைவிட நல்ல கதாசிரியை. நான் குறுக்கிட்டு உண்மையைச் சொன்னேன். டாக்டர் கையை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார், ஏதோ நான்தான் கலக்கச் சொன்னமாதிரி.

அவர் சொன்னது எளிமையானது. இனி அந்த மருந்து தோலில் படவே கூடாது. இப்போதே நிறுத்தினால் உணர்வு மெதுவாகத் திரும்பலாம். நிறுத்தாவிட்டால் திரும்பும் என்று தன்னால் சொல்ல முடியாது. தோல் வழியாக உள்ளே போவது கையோடு நிற்கும் என்றும் சொல்ல முடியாது.

திரும்பி வரும்போது அவள் வீட்டுத் தெரு முனையில் நின்றாள்.

"உங்களுக்கு எழுத்துன்னு ஒண்ணு இருக்கு அண்ணி. எனக்கு இது ஒண்ணுதான் நல்லா வரும். அதைப் போய் டாக்டர்கிட்ட போட்டுக் குடுத்துட்டீங்களே."

கோபம் வந்தது எனக்கு. அவள்மேல் வந்தது என்றுதான் அப்போது நினைத்தேன். யார்மேல் என்று இப்போது தெரியும், அந்தப் பட்டியலில் என் பேரும் உண்டு.

6

அதிகாரி அழைத்தார். குரலில் தேன் வழிந்தது.

"மேடம், அந்தக் கன்னம் வரி பிரமாதம். எங்க ஆபீஸ்ல எல்லாரும் கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்க. அதையே அட்டைப்படமாப் போட்டுடலாம்னு இருக்கோம்."

அவள் ஏன் கன்னத்தை வைத்தாள் என்று நான் சொன்னேன். டாக்டர் சொன்னதையும் சொன்னேன். பிறகு அவர் கேட்ட முதல் கேள்வி: "அவங்க கையுறை போட்டிருந்தாங்களா மேடம்?"

போடவில்லை என்றேன். மறுமுனையில் ஒரு மூச்சு வெளியேறியது. தொலைபேசியில் நிம்மதி எவ்வளவு தெளிவாகக் கேட்கிறது தெரியுமா? அப்படியென்றால் எங்கள்மேல் தப்பு ஒன்றும் இல்லை, பையிலேயே எல்லாம் போட்டிருக்கிறோம் என்றார். ரொம்ப வருத்தமாகத்தான் சொன்னார், அதில் குறை வைக்கவில்லை. மனிதர் கெட்டவர் இல்லை. படப்பிடிப்பு முடிந்த அன்று எங்கள் வீட்டுக் குழாயில் சோப்புப் போட்டு, நகக்கண்ணெல்லாம் தேய்த்து, எவ்வளவு நேரம் கை கழுவினார் என்று எனக்கு ஞாபகம் இருக்கிறது. தான் விற்பது என்ன என்று நன்றாகத் தெரிந்தவர்.

கடைசியில் ஒரு யோசனை சொன்னார்.

"ஒண்ணு பண்ணலாம் மேடம். கன்னம் வேணாம். கையே வைக்கட்டும்."

தோல் டாக்டரால் முடியாததை அவர் ஒரே திருத்தத்தில் செய்துவிட்டார். கையை வைத்தால் சூடு தெரியும் ஒரு தாய், அட்டையில், வண்ணத்தில். கதையைத் திருப்பி வாங்கிக்கொண்டேன். (இதற்காக என்னை யாரும் வீரம் மிக்கவள் என்று நினைக்க வேண்டாம். அவர்கள் வேறு ஆளைப் பிடித்துவிட்டார்கள். அந்தக் கதையில் கவனக்குறைவான விவசாயி ஒருவன் திருந்துகிறானாம்.)

7

ஆக, அதிகாரி இல்லை, கையேடு இல்லை. கதை மட்டும் என்னிடம் மாட்டிக்கொண்டது. அதற்கு ஒரு முடிவு வேண்டும். கையில் இருப்பவை இவை.

[முடிவு, அதிகாரி விரும்பியபடி]

அவள் கொட்டகை ஆணியிலிருந்து கையுறையை எடுத்துப் போட்டுக்கொண்டாள். புன்னகைத்தாள். பாதுகாப்பே

எதைப் பார்த்துப் புன்னகைத்தாள்? அந்தக் கையுறை என் தம்பியின் அளவு. அவள் கை அதற்குள் நீந்தும். கட்டி தட்டுப்படாது. முனை அடைக்கும். என் தம்பி அதைக் கழற்றி உதட்டுக்குக் கொண்டுபோவான். அதிகாரியின் புன்னகை அந்தப் பக்கத்தோடு முடிந்துவிடுகிறது, எங்கள் வீட்டில் அடுத்த பக்கமும் உண்டு.

[முடிவு, இலக்கிய நண்பர் விரும்பியபடி]

எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார், விமர்சகர். கதையைக் கேட்டுவிட்டுக் கண்ணை மூடி யோசித்து, "அவ சாகணும். இல்லாட்டி கதை எழும்பாது" என்றார். அவருக்குக் கதை எழும்ப எங்கள் வீட்டில் ஒரு சாவு தேவைப்படுகிறது. இதுவரை தொட்டியில் ஒரு செடிகூட வளர்க்காதவர். எழும்பாவிட்டால் போகட்டும், படுத்தே கிடக்கட்டும் கதை.

[முடிவு, சப்பென்று]

ஒரு கம்பு. ஒரு சல்லடை. முனையைத் துடைக்க ஒரு தூரிகை. அவள் கைக்குப் பொருந்தும் நீளக் கையுறை. இவற்றை வாங்கிவந்து சுவரோரம் வைத்தேன். பையின் பின்பக்கத்தைப் பெரிய எழுத்தில் எழுதி மேலே ஒட்டினேன். கூழாகக் குழைத்து, வடிகட்டி ஊற்றினால் கட்டி தங்காது. கையும் வேண்டாம், வாயும் வேண்டாம். இதைப்போல ருசியில்லாத முடிவை நான் எந்தக் கதையிலும் வாசித்ததில்லை. சல்லடையை வைத்து யார் கண்ணீர் விடுவார்கள்? ஆனால் எனக்கு வேண்டியது இந்த முடிவுதான். என் வாழ்நாளில் முதல்முறையாக என் கதை சப்பென்று முடியட்டும் என்று ஆசைப்படுகிறேன்.

தம்பி சல்லடையைத் தூக்கிப் பார்த்தான். "இதுல ஊத்திக்கிட்டிருந்தா பொழுது போயிடும்க்கா. மழை நிக்குமா நமக்காக?" என்றான். அவள் சல்லடையைத் தொடவே இல்லை. கம்பை எடுத்துப் பார்த்துவிட்டு, "கம்பால கலக்கறதுன்னா எவ வேணா கலக்கலாமே" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

8

நேற்று மேகம் கறுத்து இறங்கியது. நாளை மருந்தடித்தாக வேண்டும் என்று தம்பி கொட்டகையில் தெளிப்பானைத் துடைத்துக்கொண்டிருந்தான். நான் போய் நின்றேன். அவள் சொல்லாதீர்கள் என்று கேட்டிருந்தாள், நானும் சரி என்று தலையாட்டியிருந்தேன். தலையாட்டுவது எனக்குக் கைவந்த கலை என்று முதல் பகுதியிலேயே பார்த்தீர்கள். வாக்கை மீறி எல்லாவற்றையும் சொன்னேன். கன்னம், ஊசி, டாக்டர், அவன் வாயில் படக் கூடாது என்று அவள் மருந்தில் கையை விட்டது, எல்லாம்.

அவன் துடைப்பதை நிறுத்தவில்லை. துடைத்த இடத்தையே துடைத்தான். பிறகு, "எப்பலேர்ந்து?" என்று கேட்டான்.

"போன பருவத்துலேர்ந்து."

புறங்கையால் உதட்டைத் துடைத்துக்கொண்டான். உதட்டில் ஒன்றும் இல்லை. "வயசாயிடுச்சான்னு கேட்டேன்க்கா அவளை" என்றான். அப்புறம் ஆணியில் தொங்கிய கையுறையை எடுத்து, தன் கையில் மாட்டிப் பார்த்து, கழற்றி, மறுபடி ஆணியிலேயே மாட்டிவிட்டுத் தோட்டத்துக்குள் போய்விட்டான். இரவு இருவரும் என்ன பேசிக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் எழுதும் கதை என்பதால் அந்த அறைக்குள் நுழைய எனக்கு உரிமை உண்டு என்று நினைப்பவர்கள் வேறு யாரையாவது வாசிக்கலாம்.

காலையில் அவள் எனக்குக் காப்பி கொண்டுவந்தாள். டம்ளரைச் சூடாகவே பிடித்துக்கொண்டு வந்தாள், துணி சுற்றாமல். நான் வாங்கும்போது விரல் சுட்டுக் கீழே வைத்துவிட்டேன். அவள் அதைப் பார்த்தாள். போய்விட்டாள்.

இப்போது நான் மேசைமுன் உட்கார்ந்திருக்கிறேன். ஜன்னல் மூடியிருக்கிறது, மருந்தடிக்கிற நாளில் மூடித்தான் வைக்க வேண்டும். கண்ணாடி முழுக்க ஈரம் படிந்து வெளியே ஒன்றும் தெரியவில்லை. டிரம்மில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது, நின்றது. பையைக் கிழிக்கும் சத்தம் கேட்டது. கொட்டகைப் பக்கமிருந்து தம்பி என்னவோ சொன்னான், அவள் என்னவோ பதில் சொன்னாள், மூடிய ஜன்னல் இரண்டையும் விழுங்கிவிட்டது.

பிறகு வளையல் சத்தம்.

கம்பைச் சுற்றினாலும் வளையல் ஒலிக்கும். கழற்றிச் சுவர்மேல் வைத்தாலும் ஒலிக்கும். கம்பு என்றால் சத்தம் தொடர்ந்து வர வேண்டும். ஒருமுறைதான் கேட்டது. ஒன்று அவள் கம்பை எடுத்துவிட்டுச் சல்லடையைத் தேடுகிறாள், அல்லது

கதைக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது, இங்கே நிறுத்தினால் என் விமர்சக நண்பரே எழுந்து நின்று கைதட்டுவார். அடுத்த சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு, அது வரும்வரை அழகாக ஒரு வாக்கியம் எழுதிக்கொண்டிருக்கிறேன். சுவருக்கு அந்தப் பக்கம் ஒருத்தியின் கை. எனக்கு முடிவு வேண்டுமாம். தூ.

நான் எழுந்து போகிறேன். அந்தக் கை தண்ணீரைத் தொடுவதற்குள் போய்விடலாம். முடிவுதான் வேண்டும் என்றால் நீங்களே உட்கார்ந்து எழுதிக்கொள்ளுங்கள். பேனா இங்கேதான்